பெயர் சொல்லாத பயான்

அத்தியாயம் 17

ஒரு மனுஷரைத் திருத்த வேண்டுமென்றால் கூப்பிட்டு உட்கார வைத்து, நீங்கள் செய்வது சரியில்லை என்று சொல்லிவிடலாம். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்துக்குப் பயந்துகொண்டு ஹஃப்ஸா வெள்ளிக்கிழமை முக்கால் மணி நேரம் பயான் என்கிற மார்க்க உபதேசம் செய்தாள். அதன் பலனை ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுபவித்துக்கொண்டிருந்தாள்.

விட்ட இடத்தை ஒரு முறை தொட்டுக்கொள்வோம். பாபநாசத்துக்கு மேற்கே கொடிக்கால்மேடு பெண்கள் மதரஸாவில் அறுபத்திரண்டு பிள்ளைகள் தங்கி ஓதுகிறார்கள். நிர்வாகம், மார்க்கக் கல்வி முடித்த ஆலிமாவான ஹஃப்ஸாவின் கையில். விடுதி வார்டன் நூர்ஜஹான். அவர் ஹஃப்ஸாவைப் பெற்ற அத்தா கலந்தருடைய கூடப்பிறந்த தங்கை. அது போதாதென்று ஹஃப்ஸாவின் கணவன் முபாரக்கைப் பெற்றவரும் அவர்தான். மாமியும் அவரே, மாமியாரும் அவரே.

போன வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் நூற்று மூன்றைத் தொட்டது. வார்டனைத் தேடினால் ஆளைக் காணோம். ஒன்றேகால் மணி நேரம் கழித்து, கடைத்தெருவுக்குப் போய் வந்தவர் மாதிரி நிதானமாக வந்தார். விசாரித்ததில் இது ஒரு மாதமாக நடக்கிற சங்கதி என்று தெரிந்தது. தினமும் அஸருக்கு வார்டன் காணாமல் போகிறார், யாரிடமும் சொல்வதில்லை.

இடுப்பு வலிக்காரர், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு வருகிறார் என்று ஹஃப்ஸா நினைத்தாள். நேராகக் கேட்டுவிடலாம் என்று கிளம்பியவளை அத்தா போனில் தடுத்தார். கலந்தர்தான் மதரஸா கமிட்டியின் தலைவர். எந்தக் காரியமும் அவரிடம் மஷ்வரா செய்யாமல், அதாவது கலந்து பேசாமல், நடக்காது.

"பேரு சொல்லாதம்மா. முகத்துக்கு நேரா சொல்லி ஒரு மூமினைக் கூசவைக்கக் கூடாது. 'சிலர் இப்படிச் செய்றாங்களே'ன்னு பொதுவாச் சொல்லித் திருத்துறதுதான் நபி வழி. சம்பந்தப்பட்டவங்களுக்குத் தானா உறைக்கும்" என்றார்.

ஹஃப்ஸாவுக்கு அது பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், தப்பித்தோம் என்றிருந்தது. மாமியாரிடம் போய், நீங்கள் வேலையை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று சொல்கிற மருமகளுக்கு அன்று ராத்திரி வீட்டில் எந்தப் பாயும் சரியாக விரியாது. பாம்பும் சாக வேண்டும், தடியும் உடையக் கூடாது என்றால் இதைவிட நல்ல வழி ஏது.

ஆகவே வெள்ளிக்கிழமை விடியற்காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் மைக் முன்னால் உட்கார்ந்து, பொறுப்பு என்பது அமானிதம், நம்மை நம்பி ஒப்படைத்தது என்று ஆரம்பித்தாள். உங்களில் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், உங்கள் பொறுப்பைப் பற்றி நீங்கள் கேட்கப்படுவீர்கள் என்ற ஹதீஸைச் சொன்னாள். நம்மில் சிலர் மதியத்துக்கு மேல், சொல்லாமல் கொள்ளாமல், ஒப்படைத்த இடத்தை விட்டுவிட்டுப் போகிறார்களே, அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கவில்லையா என்று கேட்டாள். அடுப்படியில் வேலை செய்பவர்களுக்கும் நன்மை கிடைக்கட்டும் என்று ஒரு ஸ்பீக்கர் அங்கே, வாட்ச்மேனுக்கும் கிடைக்கட்டும் என்று ஒன்று கேட்டில். ஆக, எல்லார் காதிலும் விழுந்தது.

பயான் முடிந்ததும் நூர்ஜஹான் மாமி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உறைக்கிற மாதிரி சொன்னே ஹஃப்ஸா. சொல்ல வேண்டியதுதான். இந்தக் காலத்துல யாருக்கு இருக்கு பொறுப்பு" என்றார். அன்று அஸருக்கு வழக்கம் போலக் கிளம்பிப் போனார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சொன்னவர் எங்கள் நூர்ஜஹான் மாமியைப் பார்த்ததில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ஹஃப்ஸா அடுப்படிக்குப் போனபோது அடுப்பு பற்றவில்லை. ஸ்டோர் ரூம் சாவிக் கொத்து, அரிசி மூட்டை மேல் மடித்து வைத்த ஏப்ரனின் மேல் இருந்தது. சமையல்காரி சைனம்பு இல்லை. பாத்திரம் தேய்க்கிற இரண்டு பெண்களும், ஃபஜ்ருக்கு முன்னாலேயே வந்து சாவியை வைத்துவிட்டு ஸலாம் சொல்லிப் போய்விட்டார் என்றார்கள்.

அன்றைக்கென்று பார்த்துப் பெற்றோர் வரும் நாள். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு. கும்பகோணத்திலிருந்தும் சீர்காழியிலிருந்தும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவார்கள். நெய்ச்சோறும் தால்ச்சாவும் என்று போன மாதமே சொல்லியாயிற்று. நூற்றைம்பது பேருக்குக் குறையாது.

ஏன் போனார் என்று ஹஃப்ஸாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சைனம்புவும் மதியத்துக்கு மேல் வெளியே போகிறவர்தான். அவருடைய கணவர் இரண்டு வருஷமாகப் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். இரண்டரை மணிக்குப் போய், அவருக்கு ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, மூன்றேகாலுக்குத் திரும்பிவிடுவார். வேலைக்குச் சேரும்போதே ஹஃப்ஸாவிடம் கேட்டார், ஹஃப்ஸாவும் சரி என்றாள். வேலைக்காரர் மேல் சக்திக்கு மீறிச் சுமத்தாதீர்கள் என்று மார்க்கம் சொல்லியிருக்கிறதே. ஒருவர் வீட்டுக் கஷ்டத்தை ஊருக்குச் சொல்வானேன் என்று அந்த அனுமதியை யாரிடமும் சொல்லவில்லை. எங்கும் எழுதியும் வைக்கவில்லை.

மதியத்துக்கு மேல் போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் அனுமதியோடு, ஒருவர் அனுமதி இல்லாமல். பயானில் ஹஃப்ஸா பெயரைச் சொல்லாமல் விட்டதால், எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போன கல் இந்த வீட்டுக் கண்ணாடியை உடைத்திருந்தது.

அவள் தலையில் கைவைத்து உட்காருவதற்குள் நூர்ஜஹான் மாமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் வந்துவிட்டார். யார் அரிசி களைவது, யார் வெங்காயம் உரிப்பது என்று பெரிய பிள்ளைகளைப் பிரித்து நிறுத்தினார். தேக்சா அண்டாவை அடுப்பில் ஏற்ற தானே ஒரு பக்கம் பிடித்தார். நடுநடுவே, பெற்றோர் வருகிற நாளில் அடுப்பை அணைத்துப் போட்டுவிட்டுப் போகிறவளுக்கு ஈமான் எங்கே இருக்கிறது, வெள்ளிக்கிழமை பயானை இவளெல்லாம் கேட்டாளா இல்லையா என்று கரித்துக்கொட்டினார்.

ஹஃப்ஸா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் உடைத்தால் மண்குடம் என்கிற பழமொழி மதரஸாவுக்கும் பொருந்தும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. எரிச்சலில் பெரிய எரிச்சல், மாமி வேலையில் சூரர். பத்தரைக்குள் காய் வெந்து, பதினொன்றரைக்கு நெய்ச்சோறு தம்மில் இருந்தது. கெட்ட வார்டனாக இருந்தால் கூட ஒரு நியாயம் இருக்கும்.

*

பத்து மணிக்கு ஆபீஸ் ரூமுக்கு வந்தால் மேஜை மேல் ஒரு கவர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிற சுடர்விழி டீச்சர் எழுதியது. தான் இந்த மாதம் இரண்டு நாள் பதினைந்து நிமிடம் முன்னதாகக் கிளம்பியது தஞ்சாவூர் பஸ்ஸுக்காக என்றும், அதை மைக்கில் சொல்லுமளவுக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கவில்லை என்றும், மன வருத்தத்துடன் என்றும் இருந்தது. சுடர்விழி அன்று பயானைக் கேட்கவே இல்லை. பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது.

கேட்டில் வாட்ச்மேன் வைரக்கண்ணு இரண்டு நாளாக டீக்கடைக்குப் போகவில்லையாம். பாதை கடந்து டீ குடிக்கப் போவதைத்தான் ஆலிமா சாடையாகச் சொல்லிவிட்டார் என்று கேட்டிலேயே நாற்காலியைப் போட்டு, முறைத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். புதிதாகச் சேர்ந்த சின்ன ஆலிமா ஒருத்தி வெள்ளிக்கிழமையிலிருந்து அழுகை. அவள் மதியம் வகுப்பில் ஒரு தடவை கண் அயர்ந்தாளாம்.

ஒரு பயானில் நாலு பேருக்குக் குத்தியது. குத்த வேண்டிய ஒருவர் மட்டும் அடுப்படியில் தால்ச்சாவுக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹஃப்ஸா ஷார்ஜாவில் இருக்கிற கணவனுக்குப் போன் போட்டாள். உங்கள் அம்மாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் மச்சான் என்று கேட்டாள். முபாரக் உடனே உற்சாகமாகிவிட்டான். இதற்குத்தான் சிஸ்டம் வேண்டும் என்றான். தன் கம்பெனியில் கைரேகை மெஷின் இருக்கிறதாம், போகிறவர் வருகிறவர் எல்லாம் பதிவாகிவிடுமாம், யாரும் யாரிடமும் கேட்கவே வேண்டாமாம். அடுத்த மாதம் வரும்போது ஒன்று வாங்கி வருகிறேன் என்றான். அம்மாவிடம் பேசுவது பற்றி ஞாபகப்படுத்தினாள். அதெல்லாம் நீங்கள் பெண்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டான். இந்தக் குடும்பத்து ஆண்களுக்கு மெஷினிடம் பேச வரும், அம்மாவிடம் பேச வராது.

அடுத்தது அத்தா. ஒரு மாதமாகக் கலந்தர் உடம்பு அசதி என்று மதரஸாவுக்கு வருவதில்லை, எல்லா மஷ்வராவும் போனில்தான். சமையல்காரி போய்விட்டதைச் சொன்னாள். சுடர்விழியின் கடிதத்தை வாசித்துக் காட்டினாள். கலந்தர் பொறுமையாகக் கேட்டார். அவர் பொறுமையைப் பற்றி ஊரில் நல்ல பெயர் உண்டு, அந்தப் பொறுமையால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

"நாளைக்கு இன்னொரு பயான் பண்ணு. கோபத்தை அடக்குறதைப் பத்தி. நான் ஹதீஸ் எடுத்துத் தர்றேன்" என்றார்.

"யாருக்காக அத்தா?"

"பேரு வேணாம்மா."

ஹஃப்ஸா போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள். கத்த வேண்டும் போலிருந்தது. வெளியே பெற்றோர் வரத் தொடங்கியிருந்தார்கள், அதனால் கத்தவில்லை.

*

சாப்பாடு முடிந்து, வார்டன்மா கைமணத்தைப் பற்றி நாலைந்து தாய்மார்கள் புகழ்ந்துவிட்டுப் போனபின், ஹஃப்ஸா மதரஸா வேனில் ஏறிக் குடமுருட்டி ஆற்றுக்கு அக்கரையில் உள்ள சைனம்பு வீட்டுக்குக் கிளம்பினாள். சம்பா நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றிருந்தது, ரோடு முழுக்கச் சேறு. பாலம் தாண்டியதும் டிரைவர் வீரையன் ஆரம்பித்தார். போன மாதம் கேஸ் சிலிண்டர் எடுக்கப் போனபோது தங்கச்சி வீட்டில் பத்து நிமிடம் வண்டியை நிறுத்தியது தப்புத்தான் என்றார். அது ஆலிமா காதுக்கு எப்படி வந்தது என்று மட்டும் தெரியவில்லை என்றார்.

"அஞ்சாவது ஆளு" என்றாள் ஹஃப்ஸா.

"என்னம்மா?"

ஒன்றுமில்லை, வண்டியைப் பார்த்து ஓட்டுங்கள் என்றாள்.

சைனம்பு வாசலிலேயே உட்காரச் சொன்னார். உள்ளே கட்டிலில் கணவர் படுத்திருந்தார். சைனம்பு அவர் வாயைத் துடைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஹஃப்ஸாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க என் பேரைச் சொல்லல ஆலிமா. சொல்லியிருந்தா நான் எந்திரிச்சுப் பதில் சொல்லியிருப்பேன். நீங்க போகச் சொல்லித்தானே போறேன்னு கேட்டிருப்பேன். பேரு சொல்லாத பேச்சுக்கு யாரு எந்திரிச்சு பதில் சொல்றது?"

அது உங்களுக்குச் சொன்னதே இல்லை என்றாள் ஹஃப்ஸா.

"அப்ப யாருக்கு?"

நூர்ஜஹான் என்று சொன்னால் அது புறம் பேசுவது. ஆள் இல்லாத இடத்தில் அவர் குறையைச் சொல்வதற்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்று பிள்ளைகளுக்கு அவளே பாடம் நடத்தியிருக்கிறாள். சொல்லாவிட்டால் எதிரே உட்கார்ந்திருக்கிற இந்த மனுஷி பழியைச் சுமக்க வேண்டும்.

"பாத்தீங்களா, சொல்ல முடியல உங்களால" என்றார் சைனம்பு. "நீங்க சொல்லலைன்னா ஊரு எம் பேரைச் சொல்லிக்கும். ரெண்டு நாளா பிள்ளைங்க என்னைப் பாத்தா பேச்சை நிறுத்துதுங்க. வார்டன்மா அடுப்படிக்கே வந்து, 'கேட்டியா சைனம்பு, அமானிதம்னா என்னன்னு'ன்னுட்டுப் போறாங்க. நான் சோத்துல பங்கு எடுத்து வந்தவ இல்ல ஆலிமா. என் நேரத்துல கூட பங்கு எடுத்ததில்ல. முக்கா மணி நேரம் போறேன்னு, விடியக்காலைல முக்கா மணி நேரம் முன்னாடி வர்றேன்."

ஹஃப்ஸாவுக்கு அது தெரியாது. விடியற்காலையில் வருகிறவர் எப்போது வருகிறார் என்று அவள் பார்த்ததே இல்லை.

மன்னிப்புக் கேட்டாள். சைனம்பு மன்னித்துவிட்டதாகவே சொன்னார். ஆனால் திரும்ப வருவதற்கு ஒரு நிபந்தனை வைத்தார். எந்த மைக்கில், எந்த நேரத்தில் சொன்னீர்களோ, அதே மைக்கில் நாளை ஃபஜ்ருக்குப் பிறகு சொல்லுங்கள். 'சைனம்பு மதியம் போவது என் அனுமதியோடு, அவர் பேரில் குற்றமில்லை' என்று என் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். நான் அடுப்படியில் நின்று காதால் கேட்பேன். கேட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.

நியாயமான பேச்சு. ஹஃப்ஸா வாக்குக் கொடுத்துவிட்டு எழுந்தாள். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்த வாக்கின் மறுபக்கம் உறைத்தது. சைனம்பு இல்லையென்றால் வேறு யார் என்று அறுபத்திரண்டு பிள்ளைகளும் திரும்பிப் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் பார்ப்பார்கள் என்பதிலும் சந்தேகம் இல்லை. அதற்கு முன்னால் மாமியிடம் நேராகப் பேசியாக வேண்டும். இன்றைக்கே. உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியில் நில்லுங்கள் என்ற வசனத்தை அவள் எத்தனை முறை ஓதியிருப்பாள். ஓதுவதற்கு நாக்கு போதும், நிற்பதற்குக் காலும் வேண்டியிருக்கிறது.

*

அவள் திரும்பி வந்தபோது நூர்ஜஹான் மாமி விடுதி அறையில் புர்காவை மாட்டிக்கொண்டிருந்தார். அஸருக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஹஃப்ஸா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பத்தொன்பது வயதில் இந்த மாமியின் வீட்டுக்குள் மணப்பெண்ணாக நுழைந்தபோது கூட அவள் இவ்வளவு பயந்ததில்லை.

"மாமி, வெள்ளிக்கிழமை பயான் உங்களுக்காகச் சொன்னது."

மாமி புர்காவின் பித்தானில் கைவைத்தபடி நின்றார்.

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். அஸருக்கு யார்கிட்டயும் சொல்லாம போறீங்க. வியாழக்கிழமை அந்தப் பிள்ளை காய்ச்சல்ல கெடந்தப்ப நீங்க இல்ல."

மாமி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஹஃப்ஸா எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள். அழுகைக்கு, கூச்சலுக்கு, பெட்டியைக் கட்டுவதற்கு, ஷார்ஜாவுக்குப் போன் போகிறதற்கு. மாமி எதுவும் செய்யவில்லை.

"நான் சைனம்புவுக்குன்னு நெனச்சேன்" என்றார். பித்தானைத் திரும்ப அவிழ்த்தபடி, "அவகிட்ட என்னென்னமோ பேசிட்டேனே" என்றார்.

பிறகு அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் வேறு திசையில் வந்தது.

"ஏண்டி, இதை நேரா வந்து என்கிட்ட கேட்டா ரெண்டு வார்த்தைல முடிஞ்சிருக்குமே. எதுக்கு மைக்கு? உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா இப்டி?"

"அத்தாதான் சொன்னாங்க. பேரு சொல்லாம பொதுவாச் சொல்லுன்னு."

மாமி அவளையே பார்த்தார். முகம் மாறியது. புர்காவைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். அண்ணனா சொன்னார் என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்று ஹஃப்ஸா இரண்டு தடவை சொன்னாள்.

"நான் தினமும் எங்க போறேன்னு உங்கத்தாவுக்குத் தெரியும் ஹஃப்ஸா. அவர்கிட்டதான் போறேன்."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அதில் பஞ்சு, கட்டுத் துணி, மருந்து டியூப், கத்தரிக்கோல் இருந்தன. கலந்தருக்கு இடது காலில் சர்க்கரைப் புண். ஒரு மாதமாகிறது. டாக்டரிடம் போனால் தஞ்சாவூருக்கு அனுப்புவார்கள், தஞ்சாவூர் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயம். மகளுக்குத் தெரிந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று தங்கையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். மற்ற நேரத்தில் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருப்பார்கள், அஸருக்கு எல்லாரும் பள்ளிவாசலில் இருப்பார்கள் என்று நேரத்தையும் அவரே குறித்துக் கொடுத்திருக்கிறார்.

"அண்ணன் சத்தியம்னதும் வாயடைச்சுப் போச்சு. ஆனா அந்தப் பிள்ளை விஷயம் தப்புதான், அதுக்கு நான் சாக்குச் சொல்லல" என்றார் மாமி. "ரெண்டு நாளா புண்ணுல ஒரு வாடை வருது ஹஃப்ஸா. எனக்கு பயமா இருக்கு."

ஹஃப்ஸா கைகட்டி நின்றாள். முதலில் வந்தது துக்கம் இல்லை, ஆத்திரம். மனுஷர் எல்லாம் தெரிந்துகொண்டே, மகளுக்கு ஹதீஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார். தங்கையை விசாரித்தால் தன் கால் வெளியே வந்துவிடும். அதற்காக ஒரு நல்ல வழிமுறையை எடுத்துத் தன் கட்டுத் துணியாகச் சுற்றிக்கொண்டார். காலை மறைத்த மறைப்பில் ஒரு சமையல்காரியின் மானம் போயிற்று, ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடந்தது. பொறுமைசாலி, மார்க்கம் அறிந்தவர், கமிட்டித் தலைவர்.

"நீங்க இங்கயே இருங்க மாமி. பிள்ளைகளை விட்டு நகராதீங்க" என்று பையை எடுத்துக்கொண்டாள்.

*

கலந்தரின் வீடு அடுத்த தெரு. இந்த ஒரு மாதமாக அவள் எட்டிப் பார்த்தபோதெல்லாம் அவர் கால் போர்வைக்குள்தான் இருந்தது. மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஸ்டூலில் பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் காலை வைத்துக் காத்திருந்தார். முதுகுப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டதும், ஏன் நூர்ஜஹான் இவ்வளவு நேரம் என்றார்.

ஹஃப்ஸா முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவர் காலை இழுக்கப் பார்த்தார். அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கட்டை அவிழ்த்தாள். கடைசிச் சுற்றுத் துணி ஒட்டியிருந்தது, தண்ணீர் தொட்டு நனைத்துத்தான் எடுக்க முடிந்தது. வாடை மூக்கில் ஏறியது. சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் கறுத்திருந்தன.

வரும் வழியில் சேர்த்து வைத்திருந்த ஆத்திரம் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இந்தக் காலைப் பிடித்துக்கொண்டுதான் சின்ன வயதில் அவள் சைக்கிள் பாரில் ஏறுவாள்.

"நூர்ஜஹான் சொல்லிட்டாளா" என்றார் கலந்தர். குரலில் கமிட்டித் தலைவர் இல்லை. பிறகு அவரே சமாளித்துக்கொண்டார். கவலைப்பட ஒன்றுமில்லை, வேப்பெண்ணெய் போட்டு வருகிறேன் என்றார். அவசரப்படக் கூடாது, கமிட்டியில் இருக்கிற ஜாஃபர் சாதிக் நாளைக்குத் திருச்சியிலிருந்து வருகிறான், அவனையும் வைத்துக்கொண்டு மஷ்வரா செய்து ஒரு முடிவெடுப்போம் என்றார். பொதுவாகவே இந்த மாதிரிப் புண்களுக்கு என்று ஆரம்பித்தார்.

ஹஃப்ஸா புதுத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். வீரையனுக்குப் போன் செய்து வேனை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னாள். தஞ்சாவூருக்கு ஒரு மணி நேரம். இன்றைக்கே சேர்த்துக்கொண்டால் ராத்திரி அங்கேதான். விடியற்காலையில் சைனம்பு அடுப்படியில் வந்து நின்று, ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாக்குக் கொடுத்தவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தால், அந்த மைக்கில் யார் பேசுவது? பேசக்கூடிய ஆள் ஒருவர்தான், விடுதியில் இருக்கிறார். அவர் பேசுவாரா?

அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவள் எழுந்து அத்தாவின் எதிரே நின்றாள்.

"அத்தா, இது பொதுவாச் சொல்றது இல்ல. உங்களுக்குச் சொல்றேன். எந்திரிங்க."

வாசலில் வேன் வந்து நின்றது. கலந்தர் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்தார். எழுந்திருக்கப் பிடித்தாரா, எழ மாட்டேன் என்று பிடித்தாரா என்பது ஹஃப்ஸாவுக்கு இன்னும் தெரியவில்லை.